உப்புக் காற்றும் கரண்ட் பில்லும்

ஒரே கம்பெனி ஏசி, ஒரே அளவு அறை. கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் பரமக்குடியில் ஓடுவதும் கடலோரப் பாம்பனில் ஓடுவதும் முதல் வருஷம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கரண்ட் இழுக்கும். இரண்டு கோடை தாண்டினால் பாம்பன் ஏசி அதே குளிருக்கு அதிக நேரம் ஓடும். காரணம், மாடியில் இருக்கும் அவுட்டோர் யூனிட்டில் படிந்த உப்பு.

உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரத்தில் புழுதி ஒட்டி, அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பசை மாதிரி இறுகிவிடும். காற்று புகாது, சூடு வெளியேறாது, கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும். அப்படியே விட்டால் தகடு வெள்ளைப் பொடியாக உதிரும். அதற்குப் பிறகு எந்தச் சர்வீஸும் பலிக்காது.

கடலுக்குப் பக்கத்து வீடென்றால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவுங்கள், ஊருக்குள் மாதம் ஒருமுறை. தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கத்தில் ஆனி, ஆடியிலும், வடகடல் (பாக் நீரிணை) பக்கத்தில் வாடைக் காற்று வீசும் கார்த்திகை, மார்கழியிலும் இன்னும் அடிக்கடி. ஏசி லைனுக்கான எம்சிபியை (மீட்டர் பக்கத்துப் போர்டில் உள்ள, தானாக விழும் சுவிட்ச்) இறக்கிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். மென்மையான பிரஷால் தகடு நிற்கும் போக்கிலேயே மேலிருந்து கீழாகத் தட்டிவிட்டு, பூவாளியால் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். பைக் கழுவும் பிரஷர் பம்பு வேண்டாம், தகடு மடங்கிவிடும். ஆசிட், சோடா எதுவும் வேண்டாம். அரைமணி நேரம் காய்ந்தபிறகு போடுங்கள்.

எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்பதில்தான் நம் பக்கத்தில் பலரும் கோட்டை விடுகிறார்கள். போர் தண்ணீர் உவர்ப்பு. அதில் கழுவினால் உப்பை எடுத்து உப்பைப் பூசுகிற வேலை. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் அதைவிட மோசம். நல்ல தண்ணீரை விலைக்கு வாங்கிக் குடிக்கும் வீட்டில் அதை ஏசிக்கு ஊற்ற மனம் வராது. அதற்கு வழி அந்த ஏசியிலேயே இருக்கிறது. இண்டோர் யூனிட்டின் டிரெயின் பைப்பில் சொட்டுவது காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த தண்ணீர், உப்பு கிட்டத்தட்டக் கிடையாது. பைப்பின் கீழே ஒரு பக்கெட் வைத்து மூடிவிட்டால், நம் ஊர்ப் புழுக்கத்தில் சில ராத்திரியிலேயே கழுவத் தேவையானது சேர்ந்துவிடும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மட்டும் இதை ஊற்றாதீர்கள். தூசியும் உலோகத் துகளும் கலந்திருக்கும்.

ஏசியை 26 டிகிரியில் வைத்துக் கூடவே ஃபேனையும் போடுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம்.

ஃபேன் கணக்கு எளிது. பழைய ஃபேன் 75 வாட், குறைந்த கரண்டில் ஓடும் புதுவகை மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேன் 30 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம், மூன்றுக்கு 120. நம் இரண்டு மாத பில்லில் முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500-ஐத் தாண்டினால் அதற்கு மேலுள்ளதற்கு மட்டுமின்றி, நடுவிலுள்ள யூனிட்டுகளுக்கும் ரேட் ஏறுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 520, 540 என்று வரும் வீட்டுக்கு ஒரே ஒரு ஃபேனை மாற்றுவதே பெரிய லாபம். பிஎல்டிசி மாட்டும்போது பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேராக இணைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் போர்டு போய்விடும். ஃபேனைத் தொங்கவிடும் கம்பியில் போடும் நட்டு, போல்ட், பின் எல்லாம் துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கட்டும்.

பிரிட்ஜுக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் நாலு விரல் இடம் விடுங்கள். கதவு ரப்பரில் ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள்; சுலபமாக வந்தால் ரப்பர் மாற்ற வேண்டும்.

தண்ணீர் மோட்டார் வழக்கத்தைவிட அதிக நேரம் ஓடினால் உறிஞ்சும் பைப்பின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வைப் பாருங்கள். உப்புக்காரை பிடித்து சரியாக மூடாமல், பைப்பில் நிற்க வேண்டிய தண்ணீர் கீழே இறங்கிவிடும். 1 எச்பி மோட்டார் தினம் அரைமணி கூடுதலாக ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 30 யூனிட் வீண்.

கடைசியாக மீட்டர். அதில் சிவப்பு விளக்கு மினுக்கும், பக்கத்தில் 3200 என்பது போல ஓர் எண் இருக்கும். அத்தனை மினுக்கு சேர்ந்தால் ஒரு யூனிட். 3200 மீட்டரில் நிமிடத்துக்கு 16 மினுக்கு என்றால் 300 வாட் ஓடுகிறது. இன்வெர்ட்டர், பிரிட்ஜ், செட்டாப் பாக்ஸ் பிளக்குகளைப் பிடுங்கி, எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டு, மெயினையும் எம்சிபிகளையும் போட்டபடியே வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். விளக்கு எரியாமலோ நிலையாக எரிந்தபடியோ இருந்தால் சரி. மினுக்கினால் எங்கோ கரண்ட் கசிகிறது. எம்சிபியை ஒவ்வொன்றாக இறக்குங்கள். எதை இறக்கும்போது நிற்கிறதோ, அந்த லைனில்தான் கோளாறு. பெரும்பாலும் வாசல் விளக்கு, மொட்டைமாடி சுவிட்ச், பாத்ரூம் பாக்ஸ். திறந்தால் செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கும். அதை நீங்கள் தொடாதீர்கள். எலக்ட்ரீஷியனை வைத்துப் பச்சை பூத்த நுனியை வெட்டி, புதிதாக முறுக்கி, மூடியுள்ள வாட்டர்புரூஃப் பாக்ஸாக மாற்றுங்கள். கையோடு, கசிவு கண்டதும் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றும், எர்த் கம்பி மண்ணுக்குள் அரித்துவிட்டதா என்று ஒரு சோதனையும்.