திருகோணமலையில் தூண்டில் பழகுவது: முதலில் கைத்தூண்டில், பிறகு தடி

திருகோணமலையில் புதிதாகத் தூண்டில் பழக வருகிறவர்கள் பெரும்பாலும் தடியும் ரீலுமாகத்தான் வந்து நிற்கிறார்கள். வீசத் தெரிந்தால் மீன் பிடிக்கத் தெரிந்த மாதிரி என்று ஒரு நினைப்பு. கரையில் நின்று பழக்கிவிடுகிற நாங்கள் அந்தத் தடியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கையில் தங்கூசியை, அதாவது நைலோன் தூண்டில் நூலை, கொடுப்போம். கல்லும் இறங்குதுறைத் தூண்களும் உள்ள கரைகளில், பழகுகிறவனுக்குத் தேவையான மீன் காலடியிலேயே நிற்கும். அதைத் தாண்டி 60 மீற்றர் வீசி வெறும் மணலில் இரையைப் போடுவதில் என்ன வரப்போகிறது? அதோடு, சின்ன மீன் கொத்துவது தடியின் நுனி அசைவதற்கு முன்னமே விரலுக்குத் தெரிந்துவிடும். விரல் பழகாதவனுக்குத் தடி ஒன்றையும் சொல்லித்தராது.

சாமான் கொஞ்சம்தான். 0.50 மில்லிமீற்றர் தங்கூசி 50 மீற்றர், 0.30 தங்கூசி ஒரு சுருள், நடுவில் துளையுள்ள 20 கிராம் ஈயம் நாலைந்து, சின்னச் சுவிவல் (நூல் முறுக்கேறாமல் சுழலும் இணைப்பு), 8ஆம் 10ஆம் இலக்கத் தூண்டில்முள். இலக்கம் கூடக் கூட முள் சிறியது; 1/0, 2/0 என்று சைபர் சேர்ந்துவிட்டால் கணக்கு மாறி, கூடக் கூடப் பெரியது. இது தெரியாமல் 2/0 வாங்கி வந்து, இரை மட்டும் காணாமல் போகிறது என்று சலித்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். இரையைத் தின்கிற மீனின் வாய்க்குள் அந்த முள் நுழையவே நுழையாது.

தடித்த தங்கூசி கைக்கு, மெல்லியது மீனுக்கு. 0.30ஐ வெறுங்கையால் இழுத்தால் விரல் அறுபடும். ஆகவே 0.50இல் ஈயத்தைக் கோத்து, நுனியில் சுவிவலைக் கட்டி, அதற்குக் கீழே 40 முதல் 50 சென்ரிமீற்றர் வரை 0.30 விட்டு முள்ளைக் கட்டுவது. ஈயம் ஓடித்திரிவதால் மீன் இழுக்கும்போது பாரம் தெரியாது. முள் கல்லில் மாட்டினாலும் 0.30 மட்டும் அறும். மற்றதெல்லாம் திரும்பி வரும். முழுவதையும் ஒரு வெற்றுப் போத்தலில் சுற்றி வைத்தால் போதும்.

முடிச்சைத்தான் வீட்டில் இருந்தே பழகி வர வேண்டும். முள்ளின் கண்ணால் ஒரு சாண் தங்கூசியை விட்டு, அந்த நுனியைத் தாய்த் தங்கூசியைச் சுற்றி ஆறு சுற்றுச் சுற்றவும். கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வளையம் இருக்கும். நுனியை அதற்குள்ளால் எடுத்து, இப்போது உண்டான பெரிய வளையத்துக்குள்ளாலும் எடுக்கவும். பிறகு எச்சிலால் நனைத்து, மெதுவாக இறுக்கவும். உலர்ந்தபடி வெடுக்கென்று இழுத்தால் உரசலில் சூடாகி, அந்த இடமே பலவீனமாகிவிடும். சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டபடி வரிசையாக உட்கார வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால் வெட்டிவிட்டுத் திரும்பக் கட்டுவதுதான். மிச்ச நுனியை 3 மில்லிமீற்றர் விட்டு வெட்டி, முள்ளை ஒரு ஆணியில் கொழுவி இழுத்துப் பார்க்கவும். அறுவதென்றால் அங்கேயே அறட்டும்.

இடம் என்றால், உட்துறைமுக வீதிப் பக்கத்துக் கரை தொடங்குகிறவர்களுக்கு நல்லது, அலை இல்லை. ஆனால் துறைமுகத்தில் கடற்படைக்கு உரிய பகுதிகள் உண்டு. பலகை இருக்கிறதோ இல்லையோ, காவலில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குவதே புத்தி. கோணேசர் கோயில் மலையடி மீனுக்குப் பேர்போன இடமாக இருந்தாலும் பழகுகிற இடமல்ல. கால் தவறினால் கீழே ஆழம். 2003இல் தேசியப் பூங்காவான புறாமலைத் தீவில் மீன்பிடிக்கவே கூடாது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கரைவலை வளைத்திருக்கும் நேரம் கிட்டப் போகவேண்டாம். வலைக்குள் அறுந்து கிடக்கும் முள், இழுப்பவர்களின் கையைக் கிழிக்கும். “தம்பி, வலை கிடக்குது” என்று வலைச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒரு தரம்தான் மரியாதையாகச் சொல்வார்.

இரைக்கு இறால் போதும். தோலை உரித்து ஒன்றரைச் சென்ரிமீற்றர் துண்டாக்கி, முள்ளின் வளைவோடு வளைவாகக் கோத்து, கூர் ஒரு மில்லிமீற்றர் வெளியே தெரிய விடுங்கள். கூர் உள்ளே புதைந்திருந்தால் மீனின் வாயில் ஏறாது. கணவாய் என்றால் அரைச் சென்ரிமீற்றர் அகலத்தில் நீளவாக்காகக் கீறி, ஒரு முனையில் மட்டும் குத்தினால் மற்ற முனை ஆடும்; கொத்துப்பட்டாலும் இலேசில் கழன்று போகாது. ஓராவுக்கு இரண்டும் சரிவராது. அது பாசி மேய்கிற மீன். பாணைத் தண்ணீரில் நனைத்துப் பிசைந்து பயற்றளவு உருட்டிப் போடலாம். அங்கேயே கல்லில் வழித்த பாசியை 10ஆம் இலக்க முள்ளில் சுற்றினால் இன்னும் நல்லது. எந்த இரையும் கால்மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில் கிடந்தால் மணம் போய்விடும். மாற்றத்தான் வேண்டும்.

ஈயம் தரை தட்டியதும் தொய்வை எடுத்து, தங்கூசியைச் சுட்டுவிரலின் முதல் மடிப்பில் சாய்த்து, பெருவிரலால் தொட்டும் தொடாமலும் பிடிக்க வேண்டும். காரல் என்றால் அரிப்பது போல ஒரு கிறுகிறுப்பு. ஓரா டக் டக் என்று இரண்டு தட்டுத் தட்டி இரையை உருவும். விளைமீன் ஒரு தரம் இடித்துவிட்டு நிற்கும், பிறகுதான் கொண்டு ஓடும். இடித்தவுடன் இழுத்தால் வெறும் முள்தான் மேலே வரும், ஓடும்போது இழுக்க வேண்டும். நண்டு என்றால் பாரம் மட்டும் மெல்ல நகரும். இழுப்பது என்பது முழங்கையில் இருந்து ஒரு அடி உயர்த்துவது, அவ்வளவுதான். தோளோடு வெட்டி இழுத்தால் சின்ன மீனின் வாய் கிழிந்துவிடும்.

ஏறிய மீனைக் கழற்றும்போதுதான் காயப்படுவார்கள். ஓராவுக்கு முதுகில் 13 முள், அடியில் 7, வயிற்றுச் செட்டைகளிலும் முள், எல்லாம் விஷம். கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. துணியால் அமுக்கி, குறட்டால் தூண்டில்முள்ளைக் கழற்றுங்கள். குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சுடுதண்ணீரில், 45 பாகை செல்சியஸுக்கு மேற்படாமல், அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை கையை வைத்திருக்க வேண்டும். குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, ஆகவே மற்றக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வைக்கவும். வீக்கம் ஏறினாலோ மூச்சு முட்டினாலோ ஆஸ்பத்திரிதான். உடம்பை ஊதிக்கொள்ளும் பேத்தை மீன் ஏறினால் சமைத்துப் பார்க்கும் யோசனையே வேண்டாம். அதன் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. தங்கூசி கத்தியால் வெட்டினது போலச் சுத்தமாக அறுந்து வந்தால் அதுவும் பெரும்பாலும் பேத்தையின் வேலை. இடத்தை மாற்றுங்கள்.

அடிக்கடி கல்லில் மாட்டுகிற இடமென்றால் கட்டும் விதத்தை மாற்ற வேண்டும். ஈயத்தை ஆக அடியில், 0.30ஐவிட மெல்லிய தங்கூசியில் கட்டி, முள்ளை அதற்கு ஒரு முழம் மேலே பக்கவாட்டில் கட்டினால், மாட்டும்போது ஈயம் மட்டும் போகும். மாட்டியதை இழுத்து அறுக்கும்போது கையில் சுற்றாதீர்கள், ஒரு தடியில் சுற்றி இழுங்கள். அறுந்த தங்கூசியைப் பொறுக்கி எடுத்து வர வேண்டும். ஆமையின் கழுத்தில் சுற்றிக்கொண்டால் அதற்குக் கழற்றத் தெரியாது.

கிண்ணியாப் பாலத்தடி வேறு மாதிரி. நம் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரையே எட்டாது என்றாலும், கொட்டியாரக் குடாவுக்கும் தம்பலகாமக் குடாவுக்கும் நடுவில் அந்த ஒடுக்கத்தில் நீரோட்டம் இழுக்கும். பறுவத்துக்கும் அமாவாசைக்கும் இன்னும் கூட. 20 கிராம் அங்கே தரையில் நிற்காது, 60 வேண்டும். ஓட்டம் திரும்பும் முன்னும் பின்னும்தான் கொத்து.

பழகத் தொடங்க மாசியின் கடைசி முதல் புரட்டாதி வரை நல்லது. தென்மேற்குக் காற்றான கச்சான் தரையில் இருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரம் தண்ணீர் படிந்து கிடக்கும். அதை நம்பி ரியூப்பிலோ மிதவையிலோ ஏறிவிடக் கூடாது, காற்று வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். வாடைக்காற்றுக் காலத்தில் வெளிக்கடலோரத்தை மறந்துவிட்டு உட்துறைமுகத்தோடு நில்லுங்கள். மகாவலி வெள்ளத்தில் கொட்டியாரப் பக்கம் கலங்கிக் கிடக்கும்போது மீன் கண்ணைவிட மூக்கைத்தான் நம்பும். அப்போது கணவாயும் இறாலும் தாராளமாக.

விரல் பழகிய பிறகு தடி. ஏழு அடித் தடி, 3000 அளவு ரீல், 0.30 தங்கூசி. தங்கூசியை ரீல் உருளையின் விளிம்புக்கு 2 மில்லிமீற்றர் குறைய நிரப்புங்கள்; தளும்ப நிரப்பினால் வீசும்போது வளையம் வளையமாகக் கழன்று சிக்காகும். வீசியதும் ரீலில் தங்கூசியைத் திறந்துவிடும் கம்பி வளையத்தைக் கையால் மூடுங்கள், கைப்பிடியைச் சுற்றி மூடினால் முறுக்கு ஏறும். மீன் இழுக்கும்போது தங்கூசியை வழுக்கவிடும் ரீலின் பிரேக்கை, தங்கூசி தாங்கும் பாரத்தில் கால்பங்குக்கு வழுக்கும்படி தராசுக் கொக்கியில் இழுத்துப் பார்த்து வைக்கலாம். விடியற்காலையில் கரண்டி போன்ற 20 கிராம் வெள்ளிநிறப் போலி இரையை வீசிச் சுற்றினால் பாரைக்குட்டி, கட்டா, சீலா வரும். சீலாவின் பல்லுக்கு முன்னால் ஒரு சாண் கம்பி கட்டாயம்.

வீட்டுக்கு வந்ததும் பிரேக்கை இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை மெல்லத் தூவித் துடைக்கவும். ரீலை வாளிக்குள் முக்கினால் உப்புத்தான் உள்ளே போகும். காய்ந்த பிறகு பிரேக்கை முழுவதும் தளர்த்தி வையுங்கள். இறுகியபடி கிடந்தால் உள்ளே இருக்கும் வட்டுகள் நசுங்கி, பாரை இழுக்கும்போது சீராக விடாமல் வெட்டி வெட்டி விடும். தங்கூசி அறுவதும் அப்போதுதான்.