கேமிங் கம்ப்யூட்டரில் ஏலக்காய் பில்: ஐந்து மாதம் ஓட்டிப் பார்த்த கதை

அக்கா மகன் வேலை கிடைத்து கொச்சிக்குப் போகும்போது அவனுடைய கேமிங் கம்ப்யூட்டரை பாதி விலைக்கு என் தலையில் கட்டிவிட்டுப் போனான். ரைசன் 5 3600 பிராசஸர், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம், 24 இன்ச் வளைந்த மானிட்டர், சீரியல் செட் மாதிரி ஊருப்பட்ட லைட். நான் கூடலூரில் (தேனி கூடலூர், ஊட்டிப் பக்கம் இருப்பது இல்லை) வீட்டிலேயே ஏலக்காய், மிளகு, கிராம்பு பாக்கெட் போட்டு கூரியரில் அனுப்புகிறவள். அதுவரை இருந்த லேப்டாப்பில் டேலி (பில், கணக்கு போடும் சாஃப்ட்வேர்) திறப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும்.

வேகம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, பறக்கிறது. ஆனால் அதற்குக் காரணம் எஸ்எஸ்டியும் (வேகமான சேமிப்பு டிரைவ்) ரேமும்தான். அவன் பெருமையடித்த கார்டு டேலி ஓடும்போது தூங்குகிறது. ஏலக்காய் வீடியோவை ஷாட்கட் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் வெட்டி, ஹார்டுவேர் என்கோடரை (வீடியோவை கார்டே தயாரிக்கச் சொல்லும் வசதி) டிக் செய்து எக்ஸ்போர்ட் செய்யும்போது மட்டும் கண் விழிக்கும்.

முதல் நாளே மாட்டிக்கொண்டது கீபோர்டில். வலது பக்கம் நம்பர் பேடே கிடையாது. விளையாடுகிறவர்களுக்கு மவுஸ் நகர்த்த இடம் வேண்டுமாம். பில் போடுகிறவளுக்கு எண்தானே எல்லாம்? மேல் வரிசையில் தடவித் தடவி அடித்ததில் 250 கிராம் 2500 ஆகி, நல்லவேளை, பாக்கெட்டை எடைபோடும்போது கண்டுபிடித்தேன். போதாததற்கு ஒவ்வொரு தட்டுக்கும் சடக் சடக் என்று சத்தம். ராத்திரி பதினோரு மணிக்கு உள்ளே படுத்திருந்த மாமியார், "யாரும்மா இந்நேரத்துல பாக்கு இடிக்கிறது?" என்றார். மறுநாளே யூஎஸ்பி நம்பர் பேடு ஒன்று தனியாக வாங்கிவிட்டேன்.

பெரிய திரையால் நிஜமாகவே லாபம். எங்களுக்கு கேரளத்துக் குமுளி மலை ஏறினால் வந்துவிடும் ஊர், ஆனாலும் கடைக்காரரின் ஜிஎஸ்டி எண் 32-ல் (கேரளா) தொடங்கினால் ஐஜிஎஸ்டி, அதாவது வெளிமாநில வரி, 5 சதவீதம், 33 (தமிழ்நாடு) என்றால் மத்திய வரி, மாநில வரி என்று இரண்டரை இரண்டரையாகப் பிரித்துப் போட வேண்டும். லேப்டாப்பில் ஜன்னல் மாற்றி மாற்றிப் பார்த்து இரண்டு முறை குழப்பியிருக்கிறேன். இப்போது ஆர்டர் ஒரு பக்கம், பில் ஒரு பக்கம்.

அதே திரைதான் காலையும் வாரியது. ஏலக்காயில் பச்சைக்குத்தானே விலை, எட்டு எம்.எம். காய் என்றாலும் வெளுத்துப்போனால் கேட்பாரில்லை. லேபிளுக்குப் படம் எடுத்துப் போட்டால் திரையில் மழையில் நனைந்த இலை மாதிரி அப்படி ஒரு பச்சை, இவ்வளவு இருந்தால் சாயம் என்று நினைப்பார்கள் என்று நானே குறைத்தேன். அச்சடித்து வந்த 500 ஸ்டிக்கரில் காய் போன வருஷத்துச் சரக்கு மாதிரி மஞ்சளடித்துக் கிடந்தது. மானிட்டர் கேம் மோடில் இருந்திருக்கிறது, வண்ணத்தை அதுவாகவே ஏற்றிக் காட்டும். மெனுவில் எஸ்ஆர்ஜிபி (வண்ணத்தை ஏற்றாமல் காட்டும் மோடு) என்று மாற்றிய பிறகு பரவாயில்லை, இருந்தாலும் இப்போதெல்லாம் ஒரே ஒரு ஸ்டிக்கர் அடித்து, கையில் காயை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றது.

அப்புறம் கரண்ட். ஆனி, ஆடிக் காற்றில் இங்கே எப்போது போகும் என்று சொல்ல முடியாது. வீட்டிலிருந்தது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், அதாவது கரண்டை சீரான அலையாக இல்லாமல் கட்டம் கட்டமாகத் தருவது. ஃபேனும் டியூப்லைட்டும் ஓடும், கம்ப்யூட்டரின் பவர் சப்ளை மட்டும் வண்டு மாதிரி முனகிவிட்டு அணைந்துவிடும். ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டை வீணாக்காமல் இழுக்க உதவும் சர்க்யூட்) உள்ள சப்ளைக்கு அந்த அலை சில சமயம் ஒத்துக்கொள்ளாதாம். சைன் வேவ் இன்வெர்ட்டர் வாங்கியதில் பாதி விலைக்கு வாங்கிய சந்தோஷம் போயே போய்விட்டது. மீட்டர் மாட்டிப் பார்த்தேன், பில் போடும்போது 65 வாட் அளவில்தான் இழுக்கிறது. அவன் விளையாடினால் 220 தாண்டும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததால் 11-க்கு மாறினேன். பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்) விண்டோஸ் 11 கேட்கும் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியை ஆன் செய்ததும் ஏற்றுக்கொண்டது.

கார்த்திகைக்கு வந்த அக்கா மகன் கம்ப்யூட்டரின் முன்பக்க வலையைக் கழற்றினான். ஏலக்காய்த் தொலியும் மிளகுத் தூசியும் விரல் கனத்துக்கு அப்பியிருந்தன. பிரஷ்ஷால் தட்டியவன் மூன்று முறை தும்மிவிட்டு, "சித்தி, இதுல பாயாசமே வைக்கலாம்" என்றான். சுத்தம் செய்து முடித்து, விளையாட உட்காரப் போனவனை முப்பது லேபிள் அடிக்கும்வரை காத்திருக்கச் சொன்னேன்.