உள்ளங்கை அளவில் நிலக்காட்சிகள்: நீர்வண்ணமும் குவாஷும்

கடந்த மூன்று மாதங்களாக, 10 செ.மீ. உயரமும் 15 செ.மீ. அகலமும் உள்ள தாள்களில் சிறுசிறு நிலக்காட்சிகளை வரைந்து பழகி வருகிறேன். இதுவரை நாற்பதுக்கு மேல் சேர்ந்திருக்கின்றன. இந்த அளவில் இலை இலையாக வரைய இடமில்லை என்பதால், வானம், தொலைமலை, நடுநிலம், முன்நிலம் ஆகியவற்றுள் எது வெளிர், எது அடர்த்தி என்பதை முதலிலேயே தீர்மானித்தாக வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டாயத்தைத்தான் நான் தேடினேன்.

நீர்வண்ணத்தில் தாளின் வெண்மையே ஒளி. அதைத் தொடாமல் விட்டுவைத்துத்தான் வரைய வேண்டும். குவாஷும் நீர்வண்ணத்தைப் போலவே வேலமரப் பிசினில் குழைத்த வண்ணம்தான் என்றாலும், அதில் நிறமி மிகுதி. சில வகைகளில் சுண்ணத்தூளும் சேர்ந்திருப்பதால் அடியிலுள்ளதை அது மறைத்துவிடும். தவறவிட்ட ஒளியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்ற இந்த வசதிதான் என்னை ஈர்த்தது. முதல் பத்துப் படங்களைக் கெடுத்ததும் அதுதான்.

ஒரு படத்தில் மரக்கூட்டத்தைக் கெட்டியான கரும்பச்சைக் குவாஷில் வரைந்து, அது நன்றாகக் காய்ந்த பின், கிளைகளுக்கிடையே தெரியும் வானத்தை வெளிர்மஞ்சளில் வைத்தேன். தூரிகையில் நீர் அதிகம் இருந்ததால், இரண்டாம் இழுப்பிலேயே அடியிலிருந்த பச்சை கரைந்து மேலேறி, மஞ்சள் பாசிநிறமாயிற்று. திருத்தத் திருத்தச் சேறாகியது. காய்ந்த குவாஷ் ஈரம் பட்டால் மீண்டும் கரையும் என்று படித்திருந்தும், கை அதை அன்றுதான் கற்றது. இப்போது மேல்பூச்சுக்கான வண்ணத்தை ஓடாத பதத்தில் குழைத்து, தூரிகையைத் துணியில் ஒற்றி, ஒரே இழுப்பில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுகிறேன்.

அதைவிட நீண்ட நாள் என்னை அலைக்கழித்தது, காய்ந்தபின் நிறம் மாறுவது. நீர்வண்ணம் காயும்போது வெளிறும். குவாஷிலோ, பொதுவாக வெளிர்நிறங்கள் சற்று அடர்ந்தும், அடர்நிறங்கள் சற்று வெளிறியும் காய்கின்றன. ஆகவே ஈரத்தில் தெரிந்த வேறுபாடு காய்ந்ததும் குறைந்துவிடுகிறது. மாலை வெயில் பட்ட மலைமுகடு, வைத்தபோது சுடர்விட்டு, பத்து நிமிடத்தில் மங்கிப்போன ஏமாற்றம் எனக்குப் பலமுறை நேர்ந்தது. அதே தாளிலிருந்து வெட்டிய துண்டில் ஒவ்வொரு கலவையையும் விரல்நுனி அளவு பூசி, காயவிட்டு, படத்தருகே பிடித்துப் பார்த்த பிறகே வைப்பது என்று மாற்றிக்கொண்டேன். வேகம் குறைந்தது, ஆனால் வீணாகும் தாள்கள் பெரிதும் குறைந்தன.

வெள்ளைத் தாளிலேயே தொடங்கும் வழக்கத்தையும் விட்டுவிட்டேன். ஆங்கில நிலக்காட்சி ஓவியர் டர்னர் 1827இல் இங்கிலாந்தின் பெட்வொர்த் மாளிகையில் தங்கியிருந்தபோது சிறிய நீலத்தாள்களில் குவாஷும் நீர்வண்ணமும் கொண்டு வரைந்த படங்களைப் பார்த்தால், பல இடங்களில் தாளின் நீலமே நடுத்தர அடர்த்தியாக நின்று வேலை செய்வது புரியும். நான் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) பருத்தித் தாளில் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு வண்ணத்தை மிக நீர்க்கப் பூசிக் காயவைத்துக்கொள்கிறேன். மேலே வரும் நீலப் பூச்சுகளுக்கிடையே அந்தச் செம்பழுப்பு ஊசிமுனை அளவில் எட்டிப் பார்க்கும் இடங்களில் வானமும் நிலமும் ஒன்றோடொன்று இணைவது, எனக்கு இந்தப் பயிற்சியில் கிடைத்த பெருமகிழ்ச்சி.

தொலைமலைகளில்தான் இன்னும் தடுமாறுகிறேன். தூரம் கூடக் கூட அடர்த்தி குறைந்து நீலம் ஏறும் என்பது தெரிந்ததே. அதற்காக ஒவ்வொரு கலவையிலும் டைட்டானியம் வெள்ளையைச் சேர்க்கப்போய், மலைகள் சுண்ணாம்பு பூசியவைபோல் வெளுத்து, அவற்றுக்கு முன்னே நிற்க வேண்டிய காற்றே இல்லாமற்போகிறது. ஆகவே அடுத்த பத்துப் படங்களில் வானத்தையும் கடைசி மலைவரிசையையும் வெள்ளைத் தாளில், அல்ட்ராமரின் நீலமும் துளி பர்ன்ட் சியன்னாவும் கலந்த நீர்வண்ணத்தில் மட்டும் முடித்துவிட்டு, குவாஷை நடுநிலத்திலிருந்து தொடங்கப்போகிறேன்.