பழைய வன்தட்டும் ஒரு மெல்லிய உறையும்

சென்ற வாரம் கொழும்பு வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டுக்குக் கூரியரில் வந்த பொதியைக் கையில் வாங்கியதுமே எனக்கு மனம் பதைத்தது. பழைய மின்னணுப் பொருள்களை இணையத்தில் விற்கும் ஒருவரிடம் நான் வாங்கிய, கணினித் தரவைச் சேமிக்கும் 3.5 அங்குல வன்தட்டு, ஒரேயொரு பத்திரிகைத் தாளில் சுற்றப்பட்டு, மெல்லிய பொலித்தீன் உறைக்குள் இடப்பட்டிருந்தது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டுகளின் மேல், தலைமயிரின் தடிப்பைவிடப் பல மடங்கு சிறிய இடைவெளியில் மிதந்து தரவை வாசிக்கும் முனைகளைக் கொண்ட கருவி அது. ஓய்வில் இருக்கும்போது அம்முனைகள் ஒதுங்கி நின்றாலும், பொதி கடினமான தரையில் விழுந்தால் அவை பழுதடையக்கூடும். நிலைமின்னைத் தடுக்கும் உறைகூட இல்லாததால் சுற்றுப்பலகைக்கும் பாதுகாப்பு இருக்கவில்லை.

பொதியைப் பிரிக்கும்போதே மகளைக் காணொளி எடுக்கச் சொன்னேன். நசுங்கிய மூலை அதில் தெளிவாகப் பதிவாகியது. கணினியில் இணைத்தபோது டிக், டிக் என்ற ஒலி மட்டுமே கேட்டது. அனுப்பும்போது அது நன்றாக இயங்கியதாக விற்றவர் சொன்னார். அதை நான் நம்புகிறேன். ஆனால் வாங்கியவரின் கையிலும் அது இயங்க வேண்டுமல்லவா? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடப் போவதாகப் பணிவுடன் எழுதிய பின்னரே பணத்தைத் திருப்பித் தர இணங்கினார். வன்தட்டைத் திருப்பி அனுப்புகையில், தடித்த ரெஜிபோம் துண்டுகளை ஆறு பக்கமும் வைத்து, குலுக்கினாலும் அசையாதபடி பெட்டிக்குள் நானே பொதி செய்தேன்.