ராஜா வந்த கதை

பறவை வளர்க்கலாம் என்று முடிவானதும், பேசும் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி மேல்தான் முதலில் ஆசை. அது 40, 50 வருடம்கூட இருக்கும் என்று தெரிந்ததும் ஆசை அடங்கிவிட்டது. அதற்காக உயில் எழுதி வைக்க வேண்டியிருக்கும். கடைசியில் பட்ஜியில் வந்து நின்றேன். நம்மில் பலர் லவ் பேர்ட்ஸ் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அசல் லவ் பேர்ட் ஆப்பிரிக்கப் பறவை, பட்ஜிக்கு ஆஸ்திரேலியா.

கூண்டை முதலில் வாங்கி வைத்தேன். கோபுரம் மாதிரி உயரமானது அழகாகத்தான் இருந்தது. ஆனால் பட்ஜி பக்கவாட்டில் பறக்கிற ஜாதி, அதனால் அகலமானதாக எடுத்தேன். கம்பிகளுக்கு நடுவே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் தலையை விட்டுச் சிக்கிக்கொள்ளும் என்பதால் ஸ்கேல் வைத்து அளந்தேன். கடைக்காரர் சிரித்தார், சிரிக்கட்டும்.

பறவை வாங்கப் போன அன்று வெள்ளையாக ஒன்று, இறகெல்லாம் உப்பிப் பஞ்சு உருண்டை போல, மூலையில் உட்கார்ந்திருந்தது. கை நீட்டினாலும் நகரவில்லை. "ரொம்ப சாதுங்க, இதையே எடுத்துக்குங்க" என்றார் கடைக்காரர். எடுத்திருப்பேன். ஏதோ தோன்றி அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். மற்றவை தினையைக் கொறித்து உமியைத் துப்பிக்கொண்டிருக்க, இது தட்டில் குனிவதும் நிமிர்வதுமாக இருந்ததே தவிர ஒரு மணிகூட உரிக்கவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. பின்பக்க இறகில் எச்சம் காய்ந்து அப்பியிருந்தது. அது சாது இல்லை, சீக்கு. பலவீனம் தெரிந்தால் இரையாகிவிடும் என்பதால் பறவைகள் நோயைக் கடைசிவரை மறைக்குமாம். நம் கண்ணுக்குத் தெரியும்போது முற்றியிருக்கும். கடைக்காரரிடம் சொன்னேன், அவர் காதில் வாங்கவில்லை. இன்றும் அந்த வெள்ளை ஞாபகம் வரும்.

நான் எடுத்தது ஒரு பச்சைக் குட்டி. நெற்றிக் கோடுகள் மூக்குவரை இறங்கியிருந்தால் வயது நாலு மாதத்துக்குள், சீக்கிரம் பழகும். அலகுக்கு மேலே மூக்கு வெளிர் நீலமாக இருந்தது. நீலம் என்றால் ஆண் என்று படித்திருந்தேன். கடைக்காரரும் தலையாட்டினார். ராஜா என்று பெயர் வைத்தாயிற்று.

வந்த இரண்டு நாள் கூண்டுப் பக்கமே போகாமல் விட்டோம். அப்புறம் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பேசியதில் மூன்றாம் வாரம் விரலில் ஏறியது. நான்ஸ்டிக் தவாவை ராஜா வந்த அன்றே வீட்டை விட்டு அனுப்பிவிட்டேன். அது அதிகமாகச் சூடேறினால் வருகிற புகை பறவையைச் சில நிமிடத்தில் கொன்றுவிடும்.

சில மாதத்தில் மூக்கு பழுப்பாக மாறத் தொடங்கியது. நீலம் ஆண் என்பது வளர்ந்த பறவைக்குத்தானாம். குட்டியில், நாசித் துளையைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு வெளிர் நீலம் என்றால் பெண். ஆண் குட்டிக்கு மூக்கு முழுக்க இளஞ்சிவப்பு.

பெயரை மாற்ற மனம் வரவில்லை. போன வாரம் ராஜா கூண்டின் அடித்தட்டில் ஒரு முட்டை இட்டிருந்தது.