ஷெல்டருக்கு ஏன் வரமாட்டேங்குறாங்க?

சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்குப் போனா கண்டிப்பா யாராவது ஒருத்தர் கேட்டுடுவாங்க, "கவர்மென்டே இலவசமா தங்க இடம் குடுக்குதே, அப்புறமும் ஏன்மா ரோட்டுலயே படுத்துக் கெடக்குறாங்க?"ன்னு. பந்தில உக்காந்துகிட்டு பதில் சொல்ற விஷயமா அது? ஏதோ சொல்லி சமாளிச்சிடுவேன். இங்க கொஞ்சம் விலாவாரியா எழுதுறேன்.

நான் சென்னைல வீடில்லாதவங்களுக்கான காப்பகம் ஒண்ணுல களப்பணியாளர். பேப்பர்ல தான் காப்பகம், பேச்சுல எல்லாருக்கும் ஷெல்டர் தான். எனக்கு குடுத்திருக்கிற ஏரியா சென்ட்ரல், வால்டாக்ஸ் ரோடு, சவுகார்பேட்டை, பாரிமுனை. பகல்ல போனா யார் கடைக்கு வந்தவங்க, யார் அங்கயே இருக்கிறவங்கன்னு பிரிச்சுப் பாக்கவே முடியாது. ராத்திரி பத்து மணிக்கு மேல கடை ஷட்டர் எல்லாம் எறங்கினதும் அட்டையும் சாக்கும் விரிப்பாங்க பாருங்க, அப்ப தான் எங்க வேலை ஆரம்பிக்கும்.

இப்படி ஷெல்டர் எல்லாம் வந்ததுக்கு பெரிய காரணம் சுப்ரீம் கோர்ட்டு. 2010-ல டெல்லிக் குளிர்ல ரோட்டோரம் ஜனங்க செத்துப்போன விஷயம் கோர்ட்டுக்குப் போய், அதுக்கப்புறம் பெரிய ஊருங்கள்ல லட்சம் பேருக்கு ஒரு ஷெல்டர் இருக்கணும், அதுவும் ராத்திரிக்கு மட்டும் இல்ல வருஷம் முழுக்க 24 மணி நேரமும் தொறந்திருக்கணும்னு உத்தரவு வந்துச்சு. நல்ல உத்தரவு தான். ஆனா எடத்தைக் கட்டி வெச்சா ஆள் தானா வந்துடும்னு நெனச்சா அதான் நடக்கிறதில்ல.

மீன்பாடி வண்டி, அதான் சாமான் ஏத்துற மூணு சக்கர வண்டி, ஓட்டுற தாத்தா ஒருத்தர் இருக்காரு. ஷெல்டருக்கு வாங்க தாத்தான்னா, "வண்டிய எங்கம்மா வுடறது"ன்னு கேக்குறாரு. வண்டி காணாமப் போனா மறுநாள் பொழப்பு போச்சு. வண்டி மேலயே படுத்தா வண்டிக்கும் காவல், தனக்கும் படுக்கை. மார்க்கெட்டுல மூட்டை தூக்குறவங்களுக்கு விடியக்காலம் மூணு மணிக்கு லோடு வரும், அங்க முன்னாடி நிக்கிறவனுக்குத் தான் வேலை, ரெண்டு கிலோமீட்டர் தள்ளி மெத்தையும் ஃபேனும் குடுத்து அவரு என்ன பண்ணுவாரு. அப்புறம் புருஷன் பொண்டாட்டியா இருக்கிறவங்க. ஷெல்டருங்க பெரும்பாலும் ஜென்ட்ஸுக்கு தனி, லேடீஸுக்கு தனி, அறுபது வயசுல ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கிற ஜோடிய பிரிச்சு ஆளுக்கொரு கட்டடத்துக்கு அனுப்புறத நாம உதவின்னு சொல்லிக்கிறோம். நாய் வளக்குறவங்களும் இருக்காங்க, சிரிக்காதீங்க, ஒரு அக்கா அந்த நாய் இருக்கிறதால தான் ராத்திரில கண்ணை மூடவே முடியுதுன்னு சொன்னாங்க.

வால்டாக்ஸ் ரோடு பக்கம் இருக்கிற குடும்பங்களோட கதை இன்னும் வேற. அங்க பாட்டி பொறந்ததும் பிளாட்பாரம், பேத்தி பொறந்ததும் பிளாட்பாரம். அவங்கள வெளியூர்ல இருந்து பஞ்சம் பொழைக்க வந்தவங்கன்னு நெனச்சுப் பேசினா கோவம் வந்துடும், நியாயமான கோவம். சென்ட்ரல் பக்கத்துல ரோட்டுல இருந்தவங்கள கண்ணகி நகர், பெரும்பாக்கம்னு ஊருக்கு அந்தப் பக்கம் கொண்டு போய் விட்டா, பூ கட்டுறது, வீட்டு வேலை, குப்பை பொறுக்குறதுன்னு பொழப்பு மொத்தமும் இங்க கெடக்கு, தெனம் போயிட்டு வர பஸ் சார்ஜுக்கே கூலி சரியாப் போயிடும். அதான் திரும்பி வந்துடுறாங்க. "வீடு குடுத்தும் ஓடி வந்துட்டாங்க"ன்னு ஆபீஸ்ல சலிச்சுக்கிறவங்க ஒரு தடவை காலைல அந்த பஸ்ல ஏறிப் பாக்கலாம்.

அதனால முதல் தடவை போறப்ப ஷெல்டர்ன்ற வார்த்தையே நான் எடுக்கிறதில்ல, நோட்டையும் வெளில எடுக்க மாட்டேன். நோட்டைப் பாத்தாலே வண்டில ஏத்திட்டுப் போயிடுவாங்கன்னு பயம், பிச்சை எடுக்கிறதத் தடுக்க 1945-லயே சட்டம் போட்ட ஊரு இது, பயம் சும்மா வரல. சும்மா உக்காந்து டீ குடிக்கணும். காலைல அம்மா உணவகத்து வாசல்ல நின்னா இன்னும் நல்லது, ஒரு ரூபா இட்லிக்கு வர்ற வரிசைல பாதிப் பேர் நம்ம ஆளுங்க தான், அங்க யாருக்கு இருமல் விடாம இருக்கு, யாரு ரெண்டு நாளா காணோம்னு எல்லாம் தெரிஞ்சிடும்.

ரொம்பக் கஷ்டம் மனநலம் பாதிச்சவங்க கேஸ் தான். ஒரு அம்மா, பிளாஸ்டிக் கவரா அடுக்கி மூட்டை கட்டி வெச்சிருப்பாங்க, கிட்ட போனா கல்ல எடுப்பாங்க. 2017 மனநலச் சட்டத்துல 100-வது பிரிவு தெளிவா இருக்கு, இப்படி திரியுறவங்களப் பாதுகாப்பா எடுத்து 24 மணி நேரத்துக்குள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போறது போலீஸோட கடமை, லாக்கப்புல வைக்கவே கூடாது. ஆனா ஸ்டேஷன்ல போய் நின்னா "நீங்க தானே என்ஜிஓ, நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க மேடம்"னு தான் முதல்ல சொல்வாங்க. அந்தப் பிரிவோட ஜெராக்ஸ் எப்பவும் என் பையில இருக்கும், சண்டை போடறதுக்கு இல்ல, மேசை மேல வெச்சுட்டு பேசாம உக்காந்துடுவேன். ஆஸ்பத்திரில சேக்குறதுக்கு போலீஸ் எழுதித் தர்ற மெமோ கெடைச்சிடும். சரி, மெமோ கெடைச்சாச்சு, அந்த அம்மாவ யாரு ஜீப்புல ஏத்துறது? கடைசில ஏத்தினது நானும் இல்ல போலீஸும் இல்ல. எதிர்ல இட்லிக் கடை போடுற அக்கா, மாசக்கணக்குல தெனம் ராத்திரி மிச்ச இட்லிய அவங்களுக்குக் குடுத்துட்டு இருந்திருக்காங்க, அவங்க வந்து கையப் புடிச்சு "வா, நானும் வரேன்"னாங்க, கீழ்ப்பாக்கம் வரைக்கும் மூட்டையோட கூடவே வந்தாங்க. அன்னிக்கு அந்தக் கடை இல்ல. என் ரிப்போர்ட்டுல அந்த அக்காவப் பத்தி எழுத எந்தக் கட்டமும் கெடையாது.

ரிப்போர்ட்னு சொன்னதும் ஞாபகம் வருது, மாசக் கடைசில கேக்குற ஒரே கணக்கு எத்தனை பேரை உள்ள கொண்டு வந்தீங்கன்னு தான். ஷெல்டரோட நெஜமான பிரயோஜனம் பல பேருக்குப் படுக்கை இல்ல, அட்ரஸ். அட்ரஸ் இல்லாம ஆதார் இல்ல, ஆதார் இல்லாம பேங்க் அக்கவுண்ட் இல்ல, அப்புறம் எங்க இருந்து முதியோர் பென்ஷன். ஷெல்டர் பொறுப்பாளர் லெட்டர் குடுத்தா அந்த அட்ரஸ்ல ஆதார் எடுக்கலாம், ஆனா கைரேகை பதியணுமே, மூட்டை தூக்கித் தேஞ்ச விரலு மெஷின்ல விழாது, தேங்காண்ணெய் தடவி துடைச்சு திரும்ப வெச்சு, பின்னாடி நிக்கிறவங்க முணுமுணுக்க ஆரம்பிச்சிடுவாங்க.

அந்த மீன்பாடி வண்டித் தாத்தாவுக்கு எங்க ஷெல்டர் அட்ரஸ்ல ஆதார் வாங்கி, அலைஞ்சு திரிஞ்சு பென்ஷனும் வந்துடுச்சு, மாசம் 1,200 ரூபா. அவரு இப்பவும் வண்டி மேல தான் படுக்குறாரு. முதல் வாரத்துல ஷெல்டருக்கு வந்து வண்டிய வாசல் கேட் பக்கத்துல கண்ணுல படுற மாதிரி நிறுத்திட்டு, பணம் ஏறிடுச்சா பாருன்னு பாஸ்புக்க நீட்டுவாரு, குளிச்சிட்டு சாப்ட்டுட்டு கெளம்பிடுவாரு. மழைக் காலத்துல மட்டும் வண்டிய உள்ள வுட்டா தங்குறேன்னு சொல்லியிருக்காரு. வாசப் பக்கம் ஒரு வண்டி நிக்கிற அளவு எடம் இருக்கு, கேட்டு எழுதிப் போட்டுருக்கோம், பதில் இன்னும் வரல.