காரைக்குடி வெயிலில் ஒரு ஜெர்மானியம் ஃபஸ்

லண்டன் ஆர்பிட்டர் கம்பெனி 1966இல் வெளியிட்ட, கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் ஃபேஸ் பெடலைத் திறந்து பார்த்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. இரண்டு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு பாட் (திருகும் ரெசிஸ்டர்), அவ்வளவுதான். அதைப்போல ஒன்றை நாமே செய்தால் சால்டரிங் வேலை ஒரு மாலையில் முடிந்துவிடும். நேரத்தைத் தின்பது டிரான்சிஸ்டர் பொறுக்குவதுதான்.

ஆரம்பகாலப் பெடல்களில் இருந்தவை என்கேடி275, ஏசி128 போன்ற பிஎன்பி வகை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். ஏசி128ஐ பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸே தயாரித்ததால், நம் ஊர்ப் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் ஸ்பீக்கரை ஓட்டும் இடத்தில் ஜோடியாக இருக்கும். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில், செட்டிநாட்டு வீடுகளைக் காலி செய்த சாமான்களோடு இப்படி ரேடியோக்களும் வரும். வால்வு ரேடியோவை எடுக்காதீர்கள், அதில் இது கிடையாது. நாலைந்து செட்டைப் பிரித்தால் ஒரு நல்ல ஜோடி தேறும்.

மல்டிமீட்டர் காட்டும் ஹெச்எஃப்இயை, அதாவது கெயினை (மின்னோட்டத்தை டிரான்சிஸ்டர் எத்தனை மடங்கு பெருக்குகிறது என்ற எண்ணை), நம்பவே கூடாது. சும்மா இருக்கும்போதே ஓடும் கசிவு மின்னோட்டத்தையும் கெயின் என்று கணக்கில் சேர்த்துவிடும். டிரான்சிஸ்டரின் மூன்று கால்களான எமிட்டர், பேஸ், கலெக்டரில், எமிட்டரை 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸில் கொடுங்கள். 2.4கே (கிலோ ஓம்), 68 ஓம் ரெசிஸ்டர் இரண்டையும் தொடராகச் சேர்த்து, அவை வழியாகக் கலெக்டரை மைனஸில் கொடுங்கள். பேஸைச் சும்மா விட்டு, அந்த ரெசிஸ்டர்களின் குறுக்கே அளக்க வேண்டும். 0.25 வோல்ட் என்றால் கசிவு 0.1 மில்லி ஆம்பியர். 0.75ஐத் தாண்டினால் ஒதுக்கிவிடலாம். அடுத்து பேஸுக்கும் மைனஸுக்கும் நடுவே 2.2 மெகா ஓம் வைத்து மறுபடி அளந்து, முதல் அளவைக் கழித்து, 100ஆல் பெருக்கினால் கெயின். முன்பு 0.35, இப்போது 1.10 என்றால் கெயின் 75. பெடலின் முதல் டிரான்சிஸ்டருக்கு 70–80, இரண்டாவதற்கு 110–130 இருந்தால் போதும்.

டிரான்சிஸ்டரை விரலால் பிடித்துக்கொண்டு அளக்காதீர்கள். உடம்புச் சூட்டுக்கே மீட்டரில் எண் மெல்ல ஏறிக்கொண்டு போவது தெரியும். ஏறக்குறைய 10 டிகிரிக்கு ஒருமுறை கசிவு இரட்டிப்பாகும். காலை 28 டிகிரியில் 0.3 காட்டியது, மதியம் 38இல் 0.6 காட்டும்.

சித்திரையில் திருவிழாப் பந்தலுக்குக் கீழே ஃபஸ் திக்கித் திணறுவது இதனால்தான். முதல் டிரான்சிஸ்டர் கசியக் கசிய, இரண்டாவதன் பேஸ் இறங்கி அதில் ஓடும் மின்னோட்டம் குறையும். 4.5 வோல்ட்டில் நிற்க வேண்டிய அதன் கலெக்டர் 6, 7 என்று 9ஐ நோக்கிப் போகும். ஸ்வரம் பாதியிலேயே அறுந்துவிடும், நீட்டி வாசிக்க முடியாது. இரண்டாவது கலெக்டரில் உள்ள 8.2கேயை எடுத்துவிட்டு டிரிம்மர் (திருகி மதிப்பை மாற்றும் சிறு ரெசிஸ்டர்) போடுவதே வழி. பலரும் 10கே போடச் சொல்வார்கள். நம் வெயிலுக்கு அது பத்தாது: மின்னோட்டம் 0.3 மில்லி ஆம்பியருக்கு இறங்கினால் 4.5 வோல்ட்டுக்கு மொத்தம் 15கே தேவைப்படும். 20கே போட்டு, வாசிக்கப்போகும் நேரத்துச் சூட்டிலேயே திருகி வையுங்கள். வீட்டு வளவில் காலைக் குளிர்ச்சியில் வைத்த அளவு மேடையில் நிற்காது.

மற்ற மதிப்புகள்: முதல் கலெக்டருக்கு 33கே, இரண்டாவதற்கு டிரிம்மரோடு 470 ஓம், அந்த இரண்டின் சந்திப்பிலிருந்து 0.01 மைக்ரோஃபாரட் வழியாக 500கே வால்யூம். இரண்டாவது எமிட்டரிலிருந்து முதல் பேஸுக்கு 100கே. எமிட்டரில் 1கே ஃபஸ் பாட், அதன் நடுக்காலில் 22 மைக்ரோஃபாரட். உள்ளீட்டில் 2.2 மைக்ரோஃபாரட். பிளஸ்தான் கிரவுண்ட் என்பதால் 22இன் பிளஸ் கிரவுண்டுக்கும், 2.2இன் பிளஸ் கிட்டார் பக்கமும் வர வேண்டும். இணையத்தில் கிடைக்கும் சிலிக்கான் என்பிஎன் வரைபடத்தைப் பார்த்து வைத்தால் இரண்டுமே தலைகீழாகிவிடும்.

டிரான்சிஸ்டருக்கு சாக்கெட் வைப்பது நல்லது. நேரடியாகப் பற்றவைப்பதானால் காலை மூக்குக் குறடால் பிடித்துக்கொண்டு சட்டென்று முடிக்க வேண்டும். ஆறிய பிறகே அளக்கலாம்.

பெட்டிக்கு எவர்சில்வர் சம்புடம் தாராளம், இரைச்சலையும் தடுக்கும். துளை போடும்போது டிரில்லை மெதுவாக ஓட்டி எண்ணெய் விடுங்கள், இல்லையென்றால் பிட் மழுங்கிவிடும்.

கிட்டாரிலிருந்து வரும் முதல் பெடலாக இதுவே இருக்கட்டும். உள்ளீட்டு இம்பீடன்ஸ் (கிட்டாருக்குத் தெரியும் மின்தடை) மிகக் குறைவு என்பதால்தான் கிட்டார் வால்யூமைக் குறைத்ததும் ஒலி தெளிகிறது. நடுவில் பஃபர் (சிக்னலைத் தாங்கிக் கொடுக்கும் இடைச் சர்க்யூட்) வந்தால் அது போய்விடும். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் மட்டும் மாட்டாதீர்கள். அவற்றில் கிரவுண்ட் மைனஸ், இதில் பிளஸ், பேட்ச் கேபிள் வழியே நேராக ஷார்ட் ஆகும். தனியாக ஒரு சாதா கார்பன் ஜிங்க் பேட்டரியே போதும்.